யெகோர் வாங்கிய நட்சத்திரம்

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டு, ஓடாத கடிகாரம், துருப்பிடித்த ரம்பம் இவற்றுக்கு நடுவே ஒரு தகரத் தட்டில் போர்க்காலப் பதக்கங்களும் கிடக்கும். கசகஸ்தானில் கரகண்டா பக்கத்துச் சுரங்க ஊர்களில் எல்லோரும் பார்த்துப் பழகிய காட்சிதான் இது. தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு பேரன் குடிக்கக் காசில்லாமல் கொண்டுவந்து போட்டிருப்பான். வாங்க வருகிறவன் மேல்பூச்சு உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பான். இத்ரிஸ் மட்டும் பதக்கம் கைக்கு வந்ததும் அதைப் புரட்டிப்போட்டு முதுகைப் பார்ப்பார்.

முதுகில்தான் எண் இருக்கும். எல்லாவற்றுக்கும் இருக்காது. வெற்றி விழாவுக்கு, ஆண்டு விழாவுக்கு என்று அள்ளி இறைத்த பதக்கங்களில் எண் கிடையாது. அவை யாருடையவை என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். சிவப்பு நட்சத்திரம் போன்றவற்றில் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணை மாஸ்கோ பக்கத்து ராணுவக் காப்பகத்தில் தேடினால், யாருக்கு, எந்தப் போர்முனையில், என்ன செய்ததற்காகக் கொடுத்தார்கள் என்று தெரியவரும். அங்கே தேடிச் சொல்வதற்கு வேரா என்று ஒரு பெண் இருந்தாள். இத்ரிஸ் அவளை நேரில் பார்த்ததில்லை. தொலைபேசியில் அண்ணன் தங்கை ஆகிவிட்டார்கள்.

சுரங்கத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இத்ரிஸ். ஓய்வு பெற்ற மற்றவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள், தக்காளி போட்டார்கள். இவர் செத்துப்போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தார். "உயிரோட இருக்கறவன் போன் பண்ணா எடுக்க மாட்டாரு, செத்தவன்னா ஊர் ஊரா அலைவாரு" என்று அவர் மனைவி ஹவா தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். அவரும் இல்லையென்று சொன்னதில்லை.

காரணம் இருந்தது. அவர் அப்பாவும் போர்முனையில் நின்றவர். வீரத்துக்கு ஒரு பதக்கம் வாங்கியவர். அவர் அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான், 1944 பிப்ரவரியில், காக்கசஸ் மலையில் இருந்த இங்குஷ் மக்களை ஒருவர் விடாமல் துரோகிகள் என்று சொல்லி, சரக்கு ரயிலில் அடைத்து கசகஸ்தானுக்கு அனுப்பினார்கள். பிறகு அப்பாவையும் படையிலிருந்து கழற்றி, போய் உன் குடும்பத்தைத் தேடிக்கொள் என்று விட்டார்கள். அவர் மனைவியைக் கண்டுபிடித்தபோது அவள் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தாள். பதக்கத்தை ஒரு வாளித் தினைக்கு மாற்றினார். அந்தத் தினையைத் தின்று அம்மா பிழைத்தாள்; இத்ரிஸ் பிறந்தார். அந்தப் பதக்கம் என்றைக்காவது ஒரு தகரத் தட்டில் கிடைக்கும் என்றுதான் சந்தைக்குப் போக ஆரம்பித்தார். அது கிடைக்கவில்லை. ஆனால் ஊரார் பதக்கங்கள் கிடைத்தன, விட மனம் வரவில்லை.

குடும்பத்தைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பார். சிலர் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஒருமுறை தெமிர்தாவில் ஒரு அம்மாளிடம் அவள் அப்பாவின் நட்சத்திரத்தைக் கொண்டுபோனார். அந்த அம்மாள் வாசலிலேயே நிறுத்தி, "எங்கம்மாவ இடுப்பு வாரால அடிச்ச ஆளுங்க அது. ஜெர்மன்காரன அடிச்சாரா இல்லையான்னு எனக்கெதுக்கு?" என்று கதவைச் சாத்திவிட்டாள். அப்போதும் இத்ரிஸ் அந்த மனிதன் செய்ததை உள்ளபடி எழுதிக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் வந்தார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும், நல்லதானாலும் பொல்லாததானாலும் அது குடும்பத்துக்குச் சொந்தம் என்பது அவர் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில் எங்கள் தெருவில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பக்கத்து வீடு அர்காதியுடையது. ரஷ்யக்காரன். இருவரும் ஒரே சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். நடுவேலியில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு அது வழியாகத்தான் போக்குவரத்து. சாப்பாட்டு நேரத்தில் இத்ரிஸ் போனால் அர்காதி உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பைத் தட்டோடு நீட்டுவான். "இன்னைக்காவது?" என்பான். "நாளைக்கு" என்பார் இத்ரிஸ். முப்பது வருஷமாக இதே பேச்சு, இதே சிரிப்பு.

போர் முடிந்த எழுபதாம் ஆண்டு விழா வர இருந்த பனிக்காலத்தின் கடைசியில், அர்காதி ஒரு கைக்குட்டையில் எதையோ முடிந்து எடுத்துக்கொண்டு வேலி வழியாக நுழைந்தான்.

"டேய் இத்ரிஸ், ஊரான் தாத்தனுக்கெல்லாம் கதை தேடிக் குடுக்கற. எங்கப்பன் மட்டும் என்னடா பாவம் பண்ணான்?"

"நீதானடா அவரு விட்டுட்டுப் போன டப்பாவத் தொறக்க மாட்டேன்னு இத்தன வருஷமா அதுமேல ஒக்காந்திருந்த."

"தொடாதேன்னு சொல்லிட்டுப் போனாருடா. அதான். இப்ப விழா ஊர்வலத்துல எல்லாரும் அவங்கவங்க அப்பன் படத்தக் கம்புல கட்டித் தூக்கிட்டுப் போறாங்க. படத்துக்குக் கீழ என்ன பண்ணாருன்னு எழுதணுமாம். நான் என்னத்த எழுதறது? எங்கப்பா நல்லா மீன் புடிப்பாருன்னா?"

உள்ளே இருந்த ஹவா சிரித்துவிட்டாள். "பொய் சொல்லாதீங்கண்ணே. அவரு எங்க மீன் புடிச்சாரு? ஏரிக்கரையில தூங்கிட்டு வருவாரு."

"தங்கச்சி, செத்தவர ஏம்மா காட்டிக்குடுக்கற?" என்ற அர்காதி முடிச்சை அவிழ்த்தான். சிவப்பு நட்சத்திரம். சட்டையில் குத்தியதற்கான அடையாளமே இல்லை. "இத அவரு ஒரு நாள்கூடப் போட்டுப் பாக்கல. ஒரே ஒரு தடவ, வாய் தவறி, தனிப் பணிக்குப் போனோம்னு சொன்னாரு. எதிரி எல்லைக்குள்ள உளவு பாக்கப் போயிருப்பாருன்னு நெனைக்கிறேன். பேசவே மாட்டாரில்ல? உளவாளிங்க அப்படித்தான் இருப்பாங்களாம்."

இத்ரிஸ் பின்பக்கத் திருகைக் கழற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எண்ணைப் படித்தார். நாற்பத்து நாலின் தொடக்கமாக இருக்கும் என்று கணக்கிட்டார். அவருக்கும் உள்ளுக்குள் ஆசைதான். அர்காதியின் அப்பா யெகோர் அவருக்கு வேற்று மனிதர் இல்லை. நாடுகடத்தப்பட்டு வந்தவன் பிள்ளைக்குச் சுரங்கத்தில் மின்வேலை கொடுக்கலாமா என்று மேலே இழுத்தடித்தபோது, யெகோர்தான் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அவனைச் சேர்த்தால்தான் எழுந்திருப்பேன் என்றார். அவர் சவப்பெட்டியின் ஒரு மூலையை இத்ரிஸ் தோளில் சுமந்தார். அப்பேர்ப்பட்டவரின் கதையைத் தானே தேடி எடுப்பது கொடுத்துவைத்த வேலை என்று நினைத்தார்.

வேரா கூப்பிட்டபோது இத்ரிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க பக்கத்து வீட்டு நட்சத்திரம் கெடச்சுது."

"சொல்லும்மா. எந்த முனை?"

அவள் குரலை இழுத்தாள். "முனை எதுவும் இல்லண்ணே. உள்துறைப் படை."

"தேதி?"

"மார்ச் நாப்பத்தி நாலு. அரசாங்கத்தோட தனிப் பணிய முன்மாதிரியா முடிச்சதுக்காகன்னு போட்டிருக்கு."

பதக்கம் தேடுகிற யாருக்கும் அந்தத் தேதியும் அந்த வாசகமும் சேர்ந்து வந்தால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. ஜெர்மன்காரனோடு சண்டை போட்டு வாங்கியதல்ல அது. மலையிலிருந்து மக்களை அள்ளி ரயிலில் ஏற்றியதற்கு வாங்கியது. வேராவுக்கும் தெரியும். இத்ரிஸ் யார் என்பதும் தெரியும். அதனால்தான் அவள் இழுத்தாள்.

"ஊர் போட்டிருக்கா?"

"அண்ணே, வேணாமே."

"படிம்மா."

"கெர்சோய். மலை ஊரு. 'பனியால் பாதை அடைபட்ட பகுதியில் ஒப்படைத்த வேலையைக் குறித்த நேரத்துக்குள் முடித்தார். யாரையும் பின்னால் விடவில்லை.' அவ்வளவுதாண்ணே."

கெர்சோய் இத்ரிஸின் அம்மா பிறந்த ஊர். புருஷன் போருக்குப் போயிருந்ததால் அந்தப் பனிக்காலம் அவள் தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பிறந்த வீட்டில் இருந்தாள். அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். சிப்பாய்கள் விடிந்ததும் வந்தார்கள். நீங்கள் நடங்கள், பெரியவரை வண்டியில் ஏற்றிப் பின்னால் கொண்டுவருகிறோம் என்றார்கள். அவளும் அவள் தம்பியும் நடந்தார்கள். வண்டி வரவே இல்லை. தம்பி இங்கே வந்த முதல் குளிர்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான், கல்யாணமாகாத பிள்ளை. அம்மா சாகிறவரைக்கும் மலைப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும், "அந்த வண்டி என்னாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பதில் வந்திருக்கிறது. யாரையும் பின்னால் விடவில்லையாம். அப்படியானால் நடக்கவும் முடியாமல், ரயிலுக்கும் வந்து சேராமல் போன அந்தக் கிழவரை என்ன செய்தார்கள்?

யெகோர் இந்த ஊருக்கு எப்படி வந்தார் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ரயிலோடு காவலுக்கு வந்த சிப்பாய்களில் சிலர், வந்தவர்களைக் கண்காணிக்க இங்கேயே நின்றுவிட்டார்கள். பிறகு சுரங்கத்துக் காவல், கல்யாணம், வீடு. பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி ராணுவ தினம். ஊர் முழுக்க ஆண்பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்வார்கள். யெகோர் அன்றைக்குக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாகக் குடிப்பார். இத்ரிஸ் வீட்டில் அது ரயில் ஏற்றிய நாள். அவர்களும் கதவைத் தாழிட்டுத்தான் இருப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒரே நாளில் கதவு மூடியிருந்ததை யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. தனக்கு அந்த மனிதர் வேலை வாங்கிக் கொடுத்தது பாசத்தாலா, பாவக்கணக்குத் தீர்க்கவா என்று இத்ரிஸ் நினைக்க ஆரம்பித்தார். அதைவிட, அவரை இன்னமும் வெறுக்க முடியவில்லையே என்பது அதிகமாக உறுத்தியது.

ஹவாவிடம் ஒரு வாரம் மறைத்தார். அவள் தானாகவே கேட்டாள்.

"ஏங்க, அண்ணன் வீட்டுப் பக்கமே போக மாட்டேங்கறீங்க. என்ன சண்ட?"

சொன்னார். அவள் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லிடுங்க," என்றாள்.

"சொன்னா அவனுக்கு அப்பன் இல்லாமப் போயிடுவான்."

"சொல்லலேன்னா?"

"எனக்குள்ளயே இருக்கும். எனக்குப் பழக்கந்தான்."

"உங்களால ஒரு வாரம் முடியல. அண்ணன் வீட்டுல ஒரு வாய் டீ குடிச்சீங்களா? ஊருக்கெல்லாம் உள்ளத உள்ளபடி. பக்கத்து வீட்டுக்கு மட்டும் வேற தராசா?"

அவள் சொன்னது சரிதான். இத்ரிஸ் கேட்கவில்லை. அர்காதி தினமும் வேலியில் தலையை நீட்டி, "என்னடா, மாஸ்கோக்காரி செத்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் பதில் சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. இத்ரிஸின் மேசை இழுப்பறையில் ஸ்தெபான் என்ற சைபீரியச் சிப்பாயின் நட்சத்திரம் ஒன்று பல வருஷமாகக் கிடந்தது. உறவு என்று யாரும் அகப்படவில்லை. அந்த ஸ்தெபான் ஒரு பனிக்காலத்தில் ஆற்றைக் கடந்து போய், எதிரி அதிகாரி ஒருவனை உயிரோடு பிடித்து, முதுகில் கட்டித் தூக்கி வந்தவன். கேட்க நாதியற்றவன் என்ற தைரியத்தில், அவன் செய்ததை எடுத்து யெகோருக்குக் கொடுத்துவிட்டார் இத்ரிஸ்.

அர்காதி அதைக் கேட்டுவிட்டுச் சமையலறையில் நின்றபடியே அழுதான். "முதுகுல தூக்கிட்டு வந்தாராடா? அந்தப் பனியிலயா?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டான். இத்ரிஸ் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றார்.

விழா நாளான மே ஒன்பதாம் தேதி நல்ல காற்று. பிரதான சாலை முழுக்கப் படங்கள், தலைக்கு மேல் தலையாக. அர்காதி கோட்டுப் போட்டு, பளபளவென்று சவரம் செய்து, அப்பாவைக் கம்பத்தில் தூக்கிக்கொண்டு நடந்தான். படத்துக்குக் கீழே ஆற்றுக் கதை பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. வராவிட்டால் ஏன் என்று கேட்பான் என்பதற்காக இத்ரிஸும் கூட நடந்தார். பாதி வழியில் அர்காதியின் தோள் வலித்தது. சுரங்கத்தில் அடிபட்ட தோள்.

"கொஞ்சம் புடிடா. நீயும் அவருக்குப் புள்ள மாதிரிதான?"

கம்பம் கைக்கு வந்துவிட்டது. எப்படி மறுப்பது? இத்ரிஸ் யெகோரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஓரத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு பெண் ஓடிவந்து ஒரு பூவை அவர் சட்டைப்பையில் செருகி, "உங்கப்பாவாங்க ஐயா?" என்று அன்பாகக் கேட்டாள்.

இத்ரிஸ் கூட்டத்தை விட்டு விலகினார். சாலையோரத்து மரத்தில் கம்பத்தைச் சாய்த்தார். படத்தின் முகம் மரத்தைப் பார்த்து இருந்தது.

"டேய், என்னடா பண்ற? எங்கப்பாடா அது! திருப்பு!"

"அர்காதி, அந்த ஆத்துக்கதை உங்கப்பாவோடது இல்ல. நான் பொய் சொன்னேன்."

பிறகு அந்த மரத்தடியிலேயே எல்லாவற்றையும் சொன்னார். தேதி, வாசகம், கெர்சோய், படுக்கையில் கிடந்த கிழவர், வராத வண்டி. அர்காதி வாயைத் திறந்தபடி கேட்டான். பிறகு அவன் முகம் சிவந்தது.

"அப்ப அது பொய், இது நெசம். நாளைக்கு வந்து இது பொய், வேற ஒண்ணு நெசம்பியா? உன்ன எப்படிடா நம்பறது?"

"நம்பாத. வேராவக் கேளு."

"எத்தன வருஷமாடா இத மனசுல வெச்சிருந்த? எங்கப்பன் உனக்குச் சோறு போட்ட வேல வாங்கிக் குடுத்தாரு. அவரப் போய்... மலைக்காரப் பயலே!"

அந்தச் சொல்லைப் போலீஸ்காரன் சொல்லி இத்ரிஸ் கேட்டிருக்கிறார், ரயிலில் குடிகாரன் சொல்லிக் கேட்டிருக்கிறார். அர்காதியின் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. அர்காதி படத்தைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனான். மறுநாள் வேலியில் அந்தப் பலகையை ஆணி வைத்து அடிக்கிற சத்தம் கேட்டது.

பிறகு அவனும் விசாரித்திருக்கிறான். வேராவோடு பேசியிருக்கிறான், அவள் சொன்னதில் ஏதாவது தவறு இருக்காதா என்று வேறொருவரை வைத்தும் பார்க்கச் சொல்லியிருக்கிறான். எல்லாம் ஒன்றாகத்தான் வந்தது. அதற்கப்புறம் அவன் வெளியே வருவது குறைந்தது. கோடைக்காலம் முழுக்க ரொட்டி வாங்க மட்டும் தலை காட்டினான். முகத்தில் நரைத்த தாடி. தினம் தவறாமல் சவரம் செய்கிற ஆள். "என்ன, சாமியாராப் போறியா?" என்று கடையில் கிண்டல் செய்தார்கள். அவன் ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தான்.

இத்ரிஸ் மட்டும் ஜன்னல் வழியாக அந்தத் தாடியைப் பார்த்து, அது எதற்கென்று புரிந்துகொண்டார். இங்குஷ்காரர்களில் ஒருவன் கையால் இன்னொரு குடும்பத்தில் உயிர் போய்விட்டால், அவன் ஆட்கள் தாடியை வழிக்காமல், தலையில் தொப்பி இல்லாமல், அந்தக் குடும்பத்து வாசலில் போய்த் தலைகுனிந்து நிற்பார்கள். மன்னிக்க மனம் வந்தால் அந்த வீட்டுக்காரர் கத்தியைக் கொண்டுவந்து அந்தத் தாடியைத் தன் கையால் வழிப்பார். அத்தோடு ரத்தப்பகை முடிந்தது. எங்கள் தெருவில் ஒரு லாரி ஓட்டுநர் விஷயத்தில் அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. அர்காதி அன்றைக்கு வேலி மேல் ஏறி நின்று பார்த்தவன்.

கோடை முடிகிற சமயம், ஒரு வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, அர்காதி தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து இத்ரிஸ் வீட்டு வாசலில் நின்றான். தலையில் தொப்பி இல்லை. கண் தரையில். தெரு அப்படியே நின்றுவிட்டது.

இத்ரிஸ் வெளியே வந்தார்.

"உள்ள வாடா."

"வரமாட்டேன். கத்தி எடுத்துட்டு வா. இல்ல, முடியாதுன்னு சொல்லு."

"உங்கப்பா என்ன பண்ணாருன்னு நமக்கு முழுசாத் தெரியாதுடா. அந்தப் பெரியவர அவருதான்..."

"யாரையும் பின்னால விடலேன்னு எழுதியிருக்கு. நானும் படிச்சேன். என்ன கொழந்தையாக்காத."

இத்ரிஸ் அவன் கையைப் பிடித்தார்.

"அர்காதி, இது எனக்குப் பாத்தியப்பட்ட ரத்தம் இல்லடா. அவரு எங்கம்மாவோட அப்பா. அவங்க வம்சம் வேற, என் வம்சம் வேற. எங்க வழக்கத்துல ஆண்வழிக்காரந்தான் மன்னிக்கணும். எங்க மாமா இருந்திருந்தா மன்னிச்சிருப்பாரு, இல்ல மாட்டேன்னிருப்பாரு. அவருக்குப் புள்ள இருந்தா அவன் சொல்லணும். அந்த வீட்டுல யாருமே மிஞ்சல. நான் உன் தாடிய எடுத்தா அது சலூன் வேல. வேற ஒண்ணும் ஆகாது."

"அப்ப நான் யாருகிட்டடா போறது?"

"தெரியலடா."

அர்காதி தலையை ஆட்டினான். சட்டைப்பையிலிருந்து நட்சத்திரத்தை எடுத்து இத்ரிஸ் கையில் வைத்தான். "இத வெச்சுக்க. எழுதி வெய்யி. உள்ளத உள்ளபடி. அந்த ஆத்தத் தாண்டினவனோடத அவனுக்கே குடுத்துரு" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தான். தெருவில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

இத்ரிஸ் அன்றைக்குச் செய்தது சரியா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. பெரியவர்கள் அவர் பேசியதுதான் முறை என்கிறார்கள். கத்தியை எடுத்திருக்கலாம், எந்தக் கல்லறை எழுந்துவந்து கேட்கப்போகிறது என்பது என் கட்சி. ஹவா என் பக்கம். அன்றைக்குக் கதவைச் சாத்தியதும் அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மொறையாம் மொற! அடுத்தவன் கதையத் தூக்கி அண்ணனோட அப்பாவுக்குக் குடுத்தீங்களே, அப்ப எந்த வம்சத்தக் கேட்டீங்க?"

இத்ரிஸ் காகிதத்தை எடுத்து, அர்காதி கேட்டபடி எழுத உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் அர்காதியும் இத்ரிஸும் பேசாமல் இல்லை. அர்காதியே ஒரு நாள் அந்தப் பலகையை மறுபடியும் கழற்றினான். இலையுதிர்காலத்தில் இரண்டு பேரும் வெயில் படுகிற சுவரோரம் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் கொழுப்புத் தட்டை நீட்டுகிற விளையாட்டு போய்விட்டது. பேச்சு நிலக்கரி விலையைத் தாண்டாது. தாடி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. "எடுத்துடுடா, முகத்தையே பாக்க முடியல" என்று இத்ரிஸ் ஒருமுறை சொன்னார். "எடுக்கறதுக்கு ஆள் இல்லேன்னு நீதான சொன்ன" என்றான் அர்காதி. கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் இத்ரிஸுக்குத் தாங்கவில்லை.

சுரங்கத் தூசி ஏற்கெனவே அவன் நெஞ்சை அரித்திருந்தது. பனி நன்றாக இறங்கிய பிறகு ஒரு சளிக்காய்ச்சல் வந்தது, கொண்டுபோய்விட்டது. காலையில் அவன் மனைவி நீனா வேலி வழியாக வந்து நின்றாள். தலையில் கறுப்புத் துணி.

"அண்ணே, அவரக் குளிப்பாட்டணும். எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. ரத்த சொந்தம் தொடக் கூடாது. தம்பிங்க எல்லாம் வெளிய நிக்கறாங்க. வேத்து ஆளுதான் செய்யணும்."

"நான் வேத்து ஆளா நீனா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதாண்ணே இருக்கீங்க."

சுரங்கத்தில் கூட வேலை பார்த்த இன்னொருவர் தண்ணீர் ஊற்ற, இத்ரிஸ் அர்காதியைக் குளிப்பாட்டினார். தோளில் பழைய காயத்தின் தழும்பு நீலமாக இருந்தது, சுரங்கக்காரர்களின் காயத்தில் கரித்தூள் தங்கி நிற்கிற நீலம். குளிப்பாட்டியதும் மற்றவர் துணி எடுத்துவரப் போனார். நீனா வெந்நீரும் சோப்பும் சவரக்கத்தியும் வாசற்படியில் வைத்துவிட்டு, "தாடியோட அனுப்ப மனசில்லண்ணே. முன்ன இருந்த மாதிரி அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

இத்ரிஸ் கத்தியை எடுத்தார். யாருக்கு உரிமை, எந்த வம்சம் என்றெல்லாம் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நிதானமாக, காதோரத்திலிருந்து ஆரம்பித்து, தாடையைத் திருப்பித் திருப்பி வழித்தார். நரை மயிர் கிண்ணத்து நீரில் மிதந்தது. மெல்ல மெல்ல அந்தப் பழைய முகம் வெளியே வந்தது. வேலியில் தலையை நீட்டிக் கேலி பேசுகிற முகம். அதைப் பார்த்ததும் அவரால் அடக்க முடியவில்லை. குனிந்து, உயிரோடு இருப்பவனிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"மன்னிச்சேன்னு சொல்றதுக்கு எனக்குப் பாத்தியம் இல்லடா. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஆனா பொய் சொன்னதுக்கு என்ன மன்னிச்சிடுடான்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. அத அன்னைக்கே வாசல்ல வெச்சு சொல்லியிருக்கணும். சொல்லாம உன்ன அனுப்பிட்டேன்."

உள்ளே துணியோடு வந்தவர் கதவருகில் நின்றுவிட்டார். இத்ரிஸ் ஈரத்துண்டால் அர்காதியின் முகத்தைத் துடைத்து, எங்காவது மயிர் மிஞ்சியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கோட்டை எடுத்துத் தரச் சொன்னார்.